விடுப்புக் கேட்கப் போன கரை

எனக்கு எவரையும் லேசில் நம்ப வராது. மாம்பழக்காரி இனிப்பென்று சத்தியம் செய்தாலும் வெட்டிக் காட்டச் சொல்லுவேன். பஸ் இப்போது வெளிக்கிடும் என்று கொண்டக்டர் சொன்னால், றைவர் எங்கே என்று தேடுவேன். சமூகவியல் படித்து முடித்துவிட்டு ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை எடுத்தபோது, இவளுக்கென்றே செய்து வைத்த வேலை என்று வீட்டில் சிரித்தார்கள். ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் கேள்வி கேட்பதும், அவர்கள் சொன்னது உண்மையா என்று சந்தேகப்படுவதும்தானே அந்த வேலை. அதற்குச் சம்பளமும் தந்தார்கள்.

சண்டை முடிந்து, சனம் முகாம்களிலிருந்து திரும்பி வந்து கூரை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. என்னை அனுப்பியது மன்னாருக்குத் தெற்கே, அரிப்பு என்ற ஊருக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு சின்னக் கரையூருக்கு. அங்கே படகுகள் வந்திறங்கும் துறையை இருந்த இடத்திலேயே திருத்திக் கொடுப்பதா, அல்லது தெற்கே தார் றோட்டு ஓரமாகப் பெரிய துறை ஒன்று கட்டி எல்லாப் படகுகளையும் அங்கே அனுப்புவதா என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. தீர்மானிக்கிறவர்கள் அரசாங்கக் கந்தோரில் இருந்தார்கள். அவர்களுக்கு உள்ள நிலவரத்தைச் சொல்வது எங்கள் பொறுப்பு. நான் வெள்ளாங்குளத்துப் பக்கம், வயல்காரரின் மகள். கடலை மன்னார்ப் பாலத்தில் பஸ் போகும்போது யன்னலால் பார்த்ததோடு சரி.

எங்களுக்கு மேலே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் புள்ளிவிபரம் பார்ப்பவர். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியை ஒரே மாதிரிக் கேட்டு எண்ணினால்தான் உண்மை, மற்றதெல்லாம் அவருக்கு வதந்தி. மற்றவர் ஒரு பெண். எண்கள் என்றாலே அவருக்கு ஒவ்வாது. மனிதர்களோடு பாயில் உட்கார்ந்து ஆறுதலாகக் கதைத்தால்தான் அவர்கள் வாழ்க்கை விளங்கும் என்பார். எங்களுக்குள் நாங்கள் அவர்களுக்குக் கணக்குச் சேர் என்றும் கதை மிஸ் என்றும் பெயர் வைத்திருந்தோம். மிஸ் கதைப்புத்தகம் எழுத வந்தவ என்று சேர் சொல்லுவார். சேர் தலையை எண்ணுவார், முகத்தைப் பார்க்கமாட்டார் என்று மிஸ் சொல்லுவார். தேத்தண்ணி குடிக்கும்போதுகூட இருவரும் இரண்டு மேசையில்தான் இருந்தார்கள். நான் எந்த மேசையையும் நம்பவில்லை.

வேதக்கோயில் பங்குச் சுவாமியின் ஒழுங்கில், ஊரில் ஓர் அக்காவின் வீட்டில் எனக்குத் தங்க இடம் கிடைத்தது. அக்காவின் புருசன் முன்பு கடலுக்குப் போனவர். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோய், உள்ளறையில் கட்டிலோடு கிடந்தார். பேச்சும் குழறிப்போயிருந்தது. ஏதாவது தேவையென்றால் ‘ஆ’ என்று ஒரு சத்தம் கொடுப்பார். அந்தச் சத்தம் எட்டும் தூரத்தில்தான் கரை இருந்தது. அக்கா அங்கே வந்திறங்கும் மீனை எடுத்து, கிழித்து, உப்புப் போட்டுக் கருவாடு காயவைப்பார். வேலைக்கு நடுவில் சத்தம் கேட்டால் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வருவார், அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுத் திரும்ப ஓடுவார். துறை தார் றோட்டுக்குப் போனால் அக்காவால் போக முடியாது, போகாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இது வந்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது. ஆய்வாளர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்று படித்ததெல்லாம் அன்றே போய்விட்டது.

ஊர் எங்களை நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் அடுத்த வீட்டு விஷயத்தைத் துருவித் துருவிக் கேட்பதற்கு விடுப்புக் கேட்கிறது என்று சொல்வார்கள். படித்த பிள்ளைகள் விடுப்புக் கேட்க வந்திருக்கினம் என்றுதான் அந்தக் கரையில் எங்களைப் பற்றிக் கதை போனது. சிலர் எங்களைச் சீஐடி என்றார்கள். சிலர் நிவாரணக்காரர் என்று நினைத்து, கூரைத்தகரம் எப்போது வரும் என்று கேட்டார்கள். ஒரு கிழவி, நான் எந்தக் கோயில், எந்த முகாமில் இருந்தனான், ஏன் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்று என்னிடம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, தனக்கு வேலை இருக்கிறது என்று எழும்பிப் போய்விட்டார். அவர் செய்ததும் நேர்காணல்தான், என்னைவிடத் திறமாகச் செய்தார்.

முதலில் சேரின் முறை. ஒவ்வொரு வீடாகப் போய், அச்சடித்த கேள்விகளை வரிசை பிசகாமல் கேட்க வேண்டும். ஒரு கேள்வி, நேற்று எத்தனை கிலோ மீன் பட்டது என்பது. நான் போன முதல் வீட்டில், கறிக்குப் பட்டது, அதாவது வீட்டுக் கறிக்குக் காணுமளவு என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் கறிக்குப் பட்டது. அந்த ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கறிக்குத்தான் பட்டிருந்தது. கறிக்கு என்றால் எத்தனை கிலோ என்று கேட்டால், சட்டி நிறைய என்றார் ஒருவர். சேருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கறிக்கு என்பதற்கு ஒரு கிலோ என்று போடு, எல்லோருக்கும் ஒரே மாதிரிப் போட்டால் சரி என்றார். அப்படியே போட்டேன். அதே காலையில், என் கண்ணுக்கு முன்னாலே, அந்தக் கரையிலிருந்து ஐஸ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு லொறி போனது.

சேருக்குச் சந்தேகம் வந்தது. கரை மேலே இல்லை, என் மேலே. எல்லாத் தாளிலும் ஒரே பதில் இருக்கிறது, பிள்ளை மரத்துக்குக் கீழே இருந்து நிரப்பியிருக்கிறா என்று நினைத்து, ஒரு வீட்டுக்குப் போன் எடுத்து நான் வந்தேனா என்று விசாரித்திருக்கிறார். அந்த வீட்டுக்காரர் என்னிடம் வந்து சொன்னபோது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெயிலில் கால் கொப்பளிக்க நடந்தவள் நான். ஆனால் உள்ளுக்குள் அவரைப் பாராட்டவும் செய்தேன். தன்னிடம் வேலை செய்கிறவர்களையும் சந்தேகப்படுகிற ஒரு முறை அவரிடம் இருந்தது.

அன்று பின்னேரம் அக்காவிடம் கேட்டேன், ஏன் இப்படிப் பொய் சொல்லிப் பேய்க்காட்டுகிறார்கள் என்று. அக்காவுக்கு என் கேள்வியே பிடிக்கவில்லை. கடலால் வந்தவனிடம் எவ்வளவு பட்டது என்று கேட்பதே பிழை, கேட்டாலும் சொல்லக் கூடாது என்றார். வாயால் கணக்குச் சொன்னால் கண்ணூறு படும், அந்த வலையில் பிறகு மீன் ஏறாது. பெண்சாதி கேட்டாலும் கறிக்குப் பட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கூடைகூடையாக இறக்கிக்கொண்டே அப்படித்தான் சொல்வார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எங்கள் வயல்காரர் ஞாபகம் வந்தது. களத்தில் நெல் அளக்கும்போது அப்பா முதலாவது மரைக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார், லாபம் என்பார். பக்கத்து வயல்காரர் விளைச்சலைக் கேட்டால், வெள்ளம் கொண்டுபோனது போக ஏதோ மிஞ்சினது என்பார். அப்பாவைப் பொய்யர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இதைச் சேரிடம் விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, எல்லோரும் ஒரே அளவு பொய் சொன்னால் பிரச்சினை இல்லை, ஒரு காரணியால் பெருக்கிவிடலாம் என்றார். அந்தக் காரணியை யார் சொல்வது என்று கேட்டேன். அவர் அடுத்த தாளைப் புரட்டினார். ஆனாலும் முதல் நகல் அறிக்கையில், இந்தக் கரையின் மீன் பிடிபாடு மிகக் குறைவு, இங்கே துறை திருத்துவது வீண் செலவு என்று ஒரு வரி வந்துவிட்டது. அட்டவணை போட்டு, சராசரி போட்டு, அழகாகக் கோடு அடித்து வைத்திருந்தார்கள். அத்தனை சுத்தமாக இருந்த ஒரு பொய்யை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சேரின் தாள்களை அப்படியே தூக்கி எறியவும் முடியவில்லை. கருவாடு போடுகிறவர்கள் அக்காவும் அவருக்குப் பக்கத்தில் இருந்த சில பெண்களும்தான் என்று நான் எண்ணியிருந்தேன், அவர்களோடுதான் எனக்குப் பழக்கம். தாள்களை அடுக்கிப் பார்த்தபோது, காலையில் வீட்டுப் பெண் எங்கே இருப்பா என்ற கேள்விக்கு அனேகமான வீடுகளில் கரையில் என்று பதில் இருந்தது. வடக்கு ஒழுங்கை வீடுகள், கோயிலுக்குப் பின்னால் இருந்த வீடுகள், நான் ஒருநாளும் உட்கார்ந்து கதைத்திராத வீடுகள். எல்லாக் கதவையும் தட்டியிராவிட்டால் அது எனக்குத் தெரியவே வந்திராது.

அடுத்தது மிஸ்ஸின் முறை. மிஸ் பருத்திச் சேலையும் ஒலிப்பதிவுக் கருவியுமாக வந்து இறங்கினார். ஒன்றும் கேட்காதே, அவர்கள் சொல்வதைக் கேள் என்பதுதான் அவர் எனக்குத் தந்த பாடம். மனசுக்கு ஆறுதலாக இருந்தது. தாளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்காமல், பாயில் உட்கார்ந்து வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டு கதை கேட்பது வேலையாகவே தெரியவில்லை. ஊரும் கொஞ்சம் இளகியது. முகாமில் பட்டது, திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் பற்றை இருந்தது, முதல் படகு கடலில் இறங்கிய அன்று சுவாமி வந்து ஆசீர்வதித்தது என்று நிறையச் சொன்னார்கள். எந்தத் தாளிலும் அடங்காத விஷயங்கள். சில இரவுகள் அதையெல்லாம் நினைத்து எனக்கு நித்திரை வரவில்லை.

எல்லோரையும்விட நன்றாகக் கதைத்தவர் சம்மாட்டியார். அந்தக் கரையில் பாதிப் படகுகளும் வலைகளும் அவருடையவை, ஆண்களில் அனேகம் பேர் அவரிடம்தான் தொழில் செய்தார்கள். மிஸ்ஸுக்குக் கதிரை போட்டார். பொரித்த பாரை மீன் வந்தது, சோடா வந்தது. முத்துக் குளித்த காலத்தில் தன் பாட்டனார் கப்பல்காரரோடு கதைத்ததிலிருந்து தொடங்கி, சண்டையில் எரிந்த படகு வரை அப்படியொரு ஒழுங்கோடு சொன்னார். மிஸ்ஸின் கண் கலங்கிவிட்டது. கடைசியில், தார் றோட்டுத் துறைதான் எங்கட பிள்ளையளின்ர எதிர்காலம் என்று சொல்லி முடித்தார். இவ்வளவு நன்றாகக் கதைக்கிற ஒருவரை நம்பக் கூடாது என்று எனக்கு அப்போதே பட்டது.

பதிவுகளைக் கேட்டு எழுதுவது என் வேலை. காதில் மாட்டிக்கொண்டு எழுதிக்கொண்டு போகும்போது, ஒரு படகுக்காரர், தார் றோட்டுத் துறைதான் எங்கட பிள்ளையளின்ர எதிர்காலம் என்றார். இன்னொருவரும் அதையே சொன்னார். மூன்றாமவர் முதலில் றோட்டைச் சொல்லி, பிறகு ஐஸைச் சொல்லி, பிறகு பிள்ளைகளைச் சொன்னார். சம்மாட்டியாரும் அந்த ஒழுங்கில்தான் சொல்லியிருந்தார். சிவப்புப் பேனையை எடுத்து, அந்த வசனம் வந்த இடமெல்லாம் கோடு போட்டேன். கடைசியில் தாள் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. வாய்கள் பல, சொன்னது ஒருவர். எண்ணிப் பார்த்தபோதுதான் அது பிடிபட்டது, கேட்டுக்கொண்டிருந்தபோது ஒவ்வொன்றும் மனசைத் தொட்ட வாக்குமூலமாகத்தான் இருந்தது. தார் றோட்டில் புதுத் துறை வரப்போகும் இடத்துக்கு எதிரே, சம்மாட்டியாரின் ஐஸ் அறை கட்டி முடிந்திருந்ததை நான் சைக்கிளில் போகும்போது பார்த்திருந்தேன்.

மிஸ்ஸிடம் காட்டினேன். அது ஊரின் பொதுவான மனநிலை, கூட்டாக நினைக்கிறார்கள் என்றார். கூட்டாகப் பயப்படுகிறார்கள் என்றேன். மிஸ்ஸுக்கு முகம் சுருங்கியது. சனத்தின் குரலைச் சந்தேகப்படுவது எங்கள் வேலை அல்ல என்று சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

அக்காவையும் மிஸ் பதிவு செய்தார். வளவுக்குள்ளே பாய் போட்டு, கருவியை நடுவில் வைத்து, சொல்லுங்கோ என்றார். வேலிக்கு அங்கால் படகுக்காரர் இரண்டு பேர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார்கள். அக்கா அந்தச் சின்னச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், எல்லாம் நல்லம் மிஸ் என்றார். எவ்வளவு கேட்டும் அவ்வளவுதான். நடுவில் உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது, அக்கா எழும்பிப் போனார். அந்தப் பதிவை நான் எழுதும்போது, அந்த இடத்தில் பின்னணிச் சத்தம் என்று அடைப்புக்குள் போட்டேன். அது மிஸ் சொல்லித் தந்த விதி. சேரின் தாளில் அக்காவின் புருசனுக்கு நோயாளி என்ற கட்டத்தில் ஒரு சரி அடையாளம் ஏற்கெனவே போட்டாயிற்று.

இரண்டு முறையும் சேர்ந்து, துறை தார் றோட்டுக்குப் போகட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தன. ஒன்றில் கரையில் மீனே இல்லை, மற்றதில் கரைச் சனமே போக ஆசைப்படுகிறது. அக்காவின் வாழ்க்கை இரண்டுக்கும் நடுவில் நழுவி விழுந்துகொண்டிருந்தது. அவரிடம் எதுவும் சொல்லவும் முடியாமல், அவர் அவித்துத் தந்த மரவள்ளிக்கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழமை உப்பு லொறி வந்தது. பெண்கள் எல்லோரும் ஒழுங்கைக்கு வந்து, எனக்கு இத்தனை மூட்டை, உனக்கு இத்தனை என்று வேலிக்கு மேலால் சத்தம் போட்டுக்கொண்டு நின்றார்கள். போன தரம் வாங்கினது ஒரு மாதத்துக்கும் காணவில்லை, முடிந்துபோச்சு என்று ஒருத்தி ஊர் கேட்கச் சொன்னாள். மீனைப் பற்றி வாயே திறக்காத அதே ஆட்கள்தான். உப்புக்குக் கண்ணூறு இல்லை. நான் ஒழுங்கையில் நின்ற நிலையில் அப்படியே நின்றுவிட்டேன்.

எதற்கென்று மறைக்காமல் அக்காவிடம் சொன்னேன். உப்பைக் கேட்டு எழுதினால் மீனின் அளவு வரும், அதைக் கந்தோருக்குக் காட்டினால் துறை நிற்கக்கூடும் என்றேன். அக்கா யோசித்தார். உப்பைக் கேட்கிறது மீனைக் கேட்கிறதில்லை, கேள் என்றார். சேரின் ஒழுங்குப்படி ஒரு வீடு விடாமல், ஒரே கேள்வியை ஒரே மாதிரிக் கேட்டேன். மிஸ்ஸின் ஒழுங்குப்படி உப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கட்டா மீனுக்கு எவ்வளவு போடுகிறார்கள், சின்னச் சூடை மீனுக்கு எவ்வளவு, மாரியில் ஏன் கூட என்று மணிக்கணக்காக விடுப்புக் கேட்டேன். கை முழுக்க உப்பு வெடிப்பு. வந்த கணக்கைப் பார்த்தபோது எனக்கே நம்ப வரவில்லை. ஐஸ் லொறி கொண்டுபோனது போக, அந்தக் கரையில் காய்ந்த மீன் மட்டும் நகல் அறிக்கையின் சராசரியைக் கேலி செய்தது.

சேர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உப்பை வாங்கி வேறு ஊருக்கு விற்றிருக்கலாமே என்றார். அவர் அப்படிக் கேட்பார் என்று தெரிந்து, லொறிக்காரரிடமும் விசாரித்து வைத்திருந்தேன். மிஸ்ஸுக்கும் சந்தோசம்தான், பெண்களின் அறிவு வெளியே வந்தது என்றார். முதன்முறையாக இருவரும் ஒரே மேசையில் தேத்தண்ணி குடித்தார்கள். எனக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது.

கடைசிக் கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தது. கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். முன்வரிசையில் சம்மாட்டியாரும் படகுக்காரரும், பின்னால் கதவோரமாகப் பெண்கள். உள்ளே இருந்தால் வீட்டிலிருந்து வரும் சத்தம் கேட்காது என்று அக்கா படியிலேயே நின்றார். சேர் உப்பு அட்டவணையைக் காட்டினார். அதிகாரி தாளைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். உப்பை வைத்து மீனைச் சொல்வானேன், கருவாடு போடுகிறவர்களே இங்கே நிற்கிறார்களே, அவர்களையே கேட்டால் போச்சு என்று சொல்லி, படியில் நின்ற அக்காவைக் கையால் கூப்பிட்டார். ஒரு நாளைக்கு எவ்வளவு மீன் காயப்போடுகிறீர்கள், பயப்படாமல் சொல்லுங்கோ என்றார்.

எல்லாப் படகுக்காரருக்கும் முன்னால் அக்கா அந்தக் கணக்கை வாயால் சொன்னால், அடுத்த நாள் காலையில் ஒருவரும் அவர் கூடைக்கு மீன் போடமாட்டார்கள். பகையில்லை, தங்கள் வலைக்குப் பயந்துதான். சொல்லாவிட்டால் துறை போய்விடும். இது அந்த அதிகாரியைத் தவிர மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் எழும்பி விளக்கப் போனேன். அதிகாரி என்னைப் பார்த்து, அவவைச் சொல்ல விடுங்கோ என்றார். அக்கா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஐயா, மீன்ர கணக்கை நான் சொல்லமாட்டன். என்ர மனுசன் கூப்பிட்டால் கேக்கிற தூரத்தில எனக்கு ஒரு துறை வேணும். வேறை ஒண்டும் எனக்குச் சொல்லத் தெரியாது.”

மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை எழுதினார். அதிகாரி தலையை ஆட்டினார். சம்மாட்டியார் எழும்பி, அந்தப் பிள்ளை படுகிற கஷ்டம் எங்களுக்குத் தெரியாததா, அவவுக்கு ஏதாவது உதவி பார்த்துக் கொடுங்கோ ஐயா என்று இரக்கமாகச் சொன்னார். கூட்டம் நன்றாக முடிந்தது. எல்லோருக்கும் பணிசும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள்.

அறிக்கை வழுவழுப்பான தாளில் வந்தது. முதல் பக்கத்திலேயே அக்காவின் படம். கீழே, அவர் சொன்ன அந்த வசனம், சாய்ந்த எழுத்தில், பெரிதாக. உப்பு அட்டவணை கடைசியில் பின்னிணைப்பில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் இருந்தது. முடிவுரையில், துறையைத் தார் றோட்டுக்கு மாற்றுவது பொருத்தம் என்று எழுதியிருந்தது. அதை யார் எழுதினார் என்று கேட்டேன். சேர் மிஸ் என்றார், மிஸ் சேர் என்றார். தார் றோட்டில் புதுத் துறைக்கான கொங்கிறீட் தூண்கள் வந்திறங்கியது எங்கள் முதல் கேள்விக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டேன். இருவரும் தேத்தண்ணிக்கு எழும்பினார்கள். அறிக்கையை அலுமாரிக்குள் எறிந்து பூட்டினேன். அக்காவின் சொல்லுக்கு அழுதவர்கள் அத்தனை பேர், அதன்படி நடக்க ஒருவரும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை.

அடுத்த சோளகக் காற்றுக் காலத்தில் லீவு போட்டுவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் போனேன். பழைய கரையில் காகமும் இல்லை. அக்காவின் வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி, அவையள் தார் றோட்டில என்றாள். அவையள் என்று இரண்டு பேரையும் சேர்த்து அவள் சொன்னதை நான் நம்பவில்லை. கட்டிலில் கிடக்கிறவர் எப்படிப் போவார்.

புதுத் துறையில் லொறிகளும் சத்தமுமாக இருந்தது. அதற்கும் அப்பால், மணல் மேட்டுக்குக் கீழே, நிழலுக்கு நீலத் தறப்பாள் ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. அதற்குள்ளே, தள்ளுவண்டியில் தலையணை அடுக்கி, அக்காவின் புருசனைச் சாய்த்து வைத்திருந்தது. இடக்கையில் நீளத் தடி. முன்னால் பாய் முழுக்கக் கருவாடு. காகம் இறங்கினால் தடியை ஓங்கினார். போகிற வருகிற படகுக்காரர் ஒவ்வொருவரும் நின்று அவரோடு கதைத்துவிட்டுப் போனார்கள். அவர் குழறிய குழறலுக்கு அவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க, அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அக்கா மெலிந்துபோயிருந்தார். விடியற்காலையில் புருசனை வண்டியில் ஏற்றி, மணலில் தள்ளிக்கொண்டு வந்து, பின்னேரம் திரும்பத் தள்ளிக்கொண்டு போகிறாராம். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. இங்கே பெரிய முதலாளிமார் முந்திக்கொண்டு எடுப்பதால் நல்ல மீன் கிடைப்பதில்லை, சூடையும் கீழே சிதறின மீனும்தான் என்றார். இடுப்போடு நாரி உளைந்து இரவில் படுக்க விடுவதில்லை என்றார். கருவாடு புரட்டுகிற கை நிற்காமலே எல்லாம் சொன்னார். நான் வண்டிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். வண்டியில் இருந்த அண்ணை என்னை உற்றுப் பார்த்தார். ஆளை அடையாளம் பிடித்துவிட்டது தெரிந்தது. ஒவ்வொரு சொல்லாக, வாயைக் கோணிக்கொண்டு, அவர் கதைக்கத் தொடங்கினார். விளங்குவதற்கு நேரம் எடுத்தது, ஆனால் விளங்கியது.

“எங்கட வீட்டில... எவ்வளவு நாள்... இருந்தனீங்கள் பிள்ளை. ஊரெல்லாம் கேட்டனீங்கள். என்னட்டை ஒண்டும்... கேக்கேல்லை.”

என்ன கேட்டிருக்க வேண்டும் அண்ணை என்றேன்.

“நீங்களும்... கரைக்கு வாறீங்களோ எண்டு.”

அக்காவின் கை நின்றுவிட்டது. அவர் திரும்பவில்லை. கையிலிருந்த சூடையைப் பார்த்துக்கொண்டே, “நானும் கேக்கேல்லைப் பிள்ளை” என்றார். பிறகு, சூடையைப் பாயில் போட்டுவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு எழும்பிப் போய் அவரைப் பிடிக்கவும் முடியவில்லை, இருந்த இடத்தில் இருக்கவும் முடியவில்லை. அதற்குள் பாயின் அந்தக் கரையில் காகம் இரண்டு இறங்கிவிட்டது. அண்ணை தடியை ஓங்கினார்.